கண்ணாடிக் குழாயில் கோபி வாய்க்கால்

1

நான் கொழும்பில் கப்பல் ஏறி இந்தப் புரட்டாசியோடு ஏழு வருஷம் ஆகிறது. சீமை வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நம் பக்கத்து வாசகர்களுக்கு நாலு வரி எழுதும்படி, கோயமுத்தூரில் பத்திரிகை நடத்தும் நண்பர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பனி, பாலம், ராஜ ஊர்வலம் என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நாற்றம். அதைத்தான் எழுத முடியும்.

காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் பின்வாசல் வழியே நுழைகிறேன். முன்வாசல் புரொபசருக்கும் விருந்தாளிகளுக்கும். சூட்டுப்பெட்டியில் ஒன்பது நாள் அடையிருந்த கோழிமுட்டைகளை எடுத்து, ஓட்டை உடைத்து, கண் மட்டும் பெரிதாக இருக்கும் கருவை இடுக்கியால் தூக்குகிறேன். சில சமயம் அது அசையும். நெஞ்சைக் கிழித்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை எடுத்துத் துண்டு போடுவது முதல் வேலை. மிச்ச உடம்பை நசுக்கிச் சாறு எடுப்பது இரண்டாவது வேலை. அந்தச் சாறுதான் துண்டுகளுக்குத் தீனி. அதாவது ஒரு குஞ்சின் இதயத்துக்கு அதன் உடம்பையே அரைத்து ஊட்டுகிறோம்.

நான் கோழி தின்னாதவன் அல்ல. எங்கள் பல்லடம் பக்கத்தில் நோம்பி, பண்டிகை என்றால் சேவல் அறுக்காமல் போகாது. ஆனால் இங்கே வந்த பிறகு முட்டை வாசம் என்னை விடுவதில்லை. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும், சோற்றைப் பிசையும்போது அந்த வாசம் விரலில் ஏறி வருகிறது. இரண்டு வருஷமாகக் கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். பயல் துரையாகிவிட்டான் என்று ஊரில் நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். உடம்பைவிட்டுப் பிரித்த சதையைக் கண்ணாடிக்குள் உயிரோடு வளர்க்க முடியுமா என்பது கேள்வி. முடியும். சேவல் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிவில் ஒரு சொட்டைக் கண்ணாடிக் குழாயில் விட்டால் அது தயிர் மாதிரி உறைந்துகொள்ளும். அதில் துண்டைப் பதித்து, மேலே சாறு ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தால், துண்டின் ஓரத்திலிருந்து உயிரணுக்கள் புறப்பட்டு நாலு பக்கமும் பரவும். இதயத் துண்டாக இருந்தால் உள்ளே துடித்துக்கொண்டும் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் துண்டு கடுகில் கால்வாசியாக இருக்கும் வரைதான் இந்த அதிசயம். முழுக் கடுகளவு போனால் ஓரம் மட்டும் வெளுப்பாக உயிரோடு இருக்கும், நடு கறுத்துச் செத்துவிடும். பிராணவாயு உள்ளே போய்ச் சேர்வதில்லை. உடம்பில் இரத்தக் குழாய்கள் மூலைமுடுக்கெல்லாம் அதைச் சுமந்து போகின்றன. கண்ணாடிக்குள் சுமப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் புரொபசருக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். இன்னும் சாறு ஊற்று என்பார். ஊற்ற ஊற்ற ஆழம் கூடும். ஆழம் கூடக் கூடக் காற்று கீழே இறங்காது. சுற்றிலும் தீனி இருக்க, துண்டுகள் மூச்சுமுட்டிச் செத்தன. செத்ததை எடுத்து வாளியில் போட்டு, குழாயைக் கழுவி, மறுபடி முட்டை உடைப்பேன். ஆறு வருஷம் இதைத்தான் செய்தேன். படித்தவன் செய்கிற வேலையா இது என்று என் மேலேயே எனக்குக் காறித்துப்பத் தோன்றும்.

2

என் மனைவி செல்லாத்தாள் கோபிசெட்டிபாளையத்துக்காரி. தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே பிறந்தவள். நானோ பல்லடத்து வறண்ட காட்டுக்காரன். மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றை வற்ற வற்ற இறைத்து, பருத்திக்கும் சோளத்துக்கும் சொட்டுச் சொட்டாய்க் கட்டுகிற குடும்பம். தண்ணீரில் பிறந்த பெண்ணைக் கரட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள் என்று கல்யாணத்தன்றே அவள் பக்கத்தார் முணுமுணுத்தார்கள். நான் அவளை அங்கிருந்தும் பிடுங்கி இந்தப் பனியில் நட்டுவிட்டேன்.

நாங்கள் புறப்பட வேண்டிய வாரத்தில் எங்கள் ஒரே குழந்தை வள்ளிக்கு அம்மை போட்டுவிட்டது. அவளுக்கு அப்போது இரண்டு வயது. அம்மைக் குழந்தையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். என் வேலையோ தேதி தள்ளினால் போய்விடும். கோபியில் செல்லாத்தாளின் அக்கா வீட்டில் குழந்தையை விட்டோம். அக்காவுக்கும் மூன்று குழந்தைகள், ஆதலால் குழந்தைக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். இரண்டே வருஷம் என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் கப்பல் ஏறினாள்.

இரண்டு வருஷம் நான்கானது. குழந்தையை இங்கே கூட்டிவர நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்த வருஷத்தில், வரமாட்டேன் என்று அழுது அழுது வள்ளிக்குக் காய்ச்சலே வந்துவிட்டதாக அக்கா எழுதினாள். செல்லாத்தாளைத் தனியாகத் திருப்பி அனுப்பலாம் என்று ஒருமுறை சொன்னேன். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று ஊர் வாயில் விழுவதைவிட இங்கேயே கிடக்கிறேன் என்றாள்.

இங்கே அவளுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வந்த வாரமே காரியாலயத்தில் குமாஸ்தா ஒருவர் என் குடும்பப் பெயரைக் கேட்டார். அப்படி ஒன்று நமக்கு ஏது? அப்பா பெயரைச் சொன்னேன். அவர் கந்தசாமி என்று எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் பால்காரர், தபால்காரர், வீட்டுக்கார அம்மாள் எல்லோருக்கும் என் மனைவி மிஸஸ் கந்தசாமி. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று, முருகன் கோயிலைக்கூட மலைக்கோயில் என்று சுற்றிவளைத்துச் சொல்லுகிறவள் அவள். அவளை மாமனாருக்கே மனைவியாக்கிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? முதல்நாள் கேட்டவுடன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். திருத்தித் தரும்படி நான் மூன்று பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் அந்த அம்மாள் யாருடைய மனைவி என்று கேட்டார். பாரங்களை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். ஏழு வருஷமாக அதே பெயர்தான்.

3

போன தை மாதம் புரொபசர் என்னை முன்வாசல் அறைக்குக் கூப்பிட்டார். ஆனி கடைசியில் பணம் கொடுக்கும் சபையார் பார்வையிட வருகிறார்கள். முழுக் கடுகளவுத் துண்டு ஒன்றாவது நடுவிலும் உயிரோடு இருப்பதைக் காட்டாவிட்டால் கூடத்தின் இந்தப் பகுதியை மூடிவிடுவார்கள், உன் வேலையும் போய்விடும் என்றார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் பழமொழி. ஒரு கடுகில் என் தலையெழுத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். தோற்றுப்போனால் ஆடியில் ஊருக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான் என்றேன். செல்லாத்தாள் தட்டில் சோறு போட்டாள். ஆனால் மறுநாளே அக்காவுக்கு எழுதி, வள்ளியின் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பங்குனியில் நூல் வந்தது. தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு. அதைக் கதவோரம் தொங்கவிட்டு, எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை உயரமுங்களா என்று என்னைக் கேட்டாள். பிறகு நான்கு பாவாடை தைத்தாள். நாம் போய்ச் சேருவதற்குள் வளர்ந்துவிடுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் நாலு விரல் மடிப்பு விட்டாள்.

எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பல்லடம் சந்தையில் யாராவது என்னை நிறுத்தி, சீமையில் என்னப்பா சாதித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? குழாய் கழுவினேன் என்றா? இந்த வேலையை வெறுத்தேன், இந்த நாற்றத்தை வெறுத்தேன், ஆனால் தோற்று ஊர் திரும்புவதை அதைவிட வெறுத்தேன். கேவலமான மனசு. உள்ளது அதுதான்.

ஆகவே முயன்றேன். உருளையில் அடைத்த பிராணவாயுவைக் குழாய்க்குள் குமிழியாக விட்டுப் பார்த்தேன். சாறு சோப்பு மாதிரி நுரைத்து, உறைவு பிய்ந்து, துண்டுகள் மிதந்தன. நுரையோடு அள்ளி வாளியில் கொட்டினேன்.

அப்புறம் எங்கள் தோட்டத்து வழக்கம் நினைவுக்கு வந்தது. பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்போம். தண்ணீர் கட்டி, காயவிட்டு, மண்ணுக்குள் காற்றுப் புகுந்த பிறகு மறுபடி கட்டுவது. துண்டுகளுக்கும் அப்படியே சாற்றை ஊற்றி, வடித்து, காற்றாட வைத்தேன். வடித்தது சரி. ஆனால் எவ்வளவு நேரம் காயவிடுவது? எங்கள் ஊரில் மேல்மண் மெல்ல வெடிக்கும் வரை மடையைத் திறக்க மாட்டோம். கை அந்தக் கணக்கில் பழகியது. துண்டின் மேற்பரப்பு மங்கித் தோல் கட்டும் வரை காத்திருந்தேன். தோல் கட்டவில்லை, பொருக்குத்தான் கட்டியது. முப்பத்தாறு குழாயும் காய்ந்த புண் மாதிரி ஆகிவிட்டன. கரிசல் மண் தாங்கும், உயிரணு தாங்குமா? பருத்திக்காட்டுக்காரனைத் தவிர வேறு எவனும் இந்த முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டான். உங்கள் தேசத்தில் இதயத்தை வற்றல் போடுவார்களோ என்று புரொபசர் கேட்டார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

4

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செல்லாத்தாள் அடுப்படியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோபியைப் பற்றிக் கேட்டேன். உங்கள் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதே, வேர் எப்படி அழுகாமல் இருக்கிறது என்றேன்.

அவள் மத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஏழு வருஷத்தில் நான் அவள் ஊரைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"நிக்குதுன்னு ஆருங்க சொன்னது? பல்லடத்துக்காரங்களுக்குத் தண்ணியவே தெரியாது. நிக்கறாப்பல இருக்கும், ஆனா நிக்காதுங்க. இக்கட்டால மடையில பூந்து அக்கட்டால மடையில போயிட்டே இருக்கும். எங்கய்யன் வரப்புல நின்னுட்டு ஒரு வைக்கோலத் தண்ணியில போடுவாருங்க. நவுந்துச்சுன்னா சரி. நவுறாம நின்னுச்சுன்னா, தண்ணி செத்துப்போச்சு, மடையத் தொறங்கடாம்பாரு."

எவ்வளவு ஆழம் கட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"கட்டவெரல் முழுகுனாப் போதுமுங்க. அதுக்கு மேல கட்டுனாப் பயிரு மூச்சு முட்டிப் பழுத்துப்போயிரும்."

பிறகு அவள் நிறுத்தவில்லை. வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாள், நாற்று நட வந்தவர்களின் பேச்சு, அவள் அப்பா வைக்கோலைப் போட்டுவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் விதம். பருப்பு அடிப்பிடித்தது. அதற்கும் சிரித்தாள். சாப்பிடும்போது, சட்டியில் இருந்த நெய்யை எல்லாம் என் தட்டில் விட்டாள்.

நான் செய்திப் பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். ஆழம் குறைவு. ஓட்டம் நிற்கக் கூடாது. எழுதும்போதே எனக்கு நன்றாகத் தெரியும், இது பலித்தால் அவள் ஊருக்குப் போகமாட்டாள் என்று. தெரிந்துதான் எழுதினேன். வீடு எரிந்தாலும் அதிலிருந்து தன் அடுப்புக்கு நெருப்பு எடுத்துக்கொள்கிறவன் இருக்கிறானே, அவன் ஜாதி நான்.

5

மறுநாள் குழாயின் உட்சுவரில் துண்டுகளை உறைவால் ஒட்டினேன். குழாய் நிறைய ஊற்றாமல் அடியில் கொஞ்சமே சாறு விட்டேன். குழாய்களைப் படுக்கைவாட்டில் ஒரு சக்கரத்தில் செருகி, பழைய மின்விசிறி மோட்டாரையும் சுவர்க்கடிகாரத்துப் பல்சக்கரங்களையும் பூட்டி, ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகச் சுழலவிட்டேன். துண்டு மெல்லச் சாற்றில் இறங்கும், நனையும், மேலேறிக் காற்றுக்கு வரும். மேலே மெல்லிய ஈரம் மட்டும் நிற்பதால் பிராணவாயு அதைத் தாண்டி உள்ளே போகும். ஈரம் காய்வதற்குள் மறுபடி சாற்றில் இறங்கிவிடும். சாறும் ஓரிடத்தில் நின்று சாகாமல் அசைந்துகொண்டே காற்றை வாங்கிக்கொள்ளும். வேறு தேசத்திலும் யாரோ இப்படிக் குழாயை உருட்டுவதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். இருக்கட்டும். நான் கோபியிலிருந்துதான் எடுத்தேன்.

பத்து நாளில் ஓரம் அகன்றது. ஒரு மாதத்தில், முழுக் கடுகளவுத் துண்டை மெல்லியதாகச் சீவிப் பார்த்தபோது நடுவில் கறுப்பு இல்லை. சீவாமல் வைத்த துண்டுகள் குழாயோடு சுற்றிக்கொண்டே துடித்தன.

ஆனியில் சபையார் வந்தார்கள். முன்வாசல் வழியாக வந்து, மூக்கில் கைக்குட்டையோடு எட்டிப் பார்த்து, அற்புதம் என்றார்கள். யாருடைய யோசனை என்று ஒருவர் கேட்டார். புரொபசர் என் பக்கம் திரும்பினார். என் சொந்த யோசனை என்று நான் சொன்னேன். யாரும் என் வாயைக் கிண்டவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அச்சில் வந்த கட்டுரையில் புரொபசர் பெயர் மட்டும் இருந்தது, அடியில் குழாய் கழுவுகிறவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. கூடவே என் வேலையை ஐந்து வருஷத்துக்கு நீட்டித்து ஒரு கடிதம்.

அன்று வீட்டுக்கு வந்து புரொபசரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திருடன் என்றேன், அடுத்தவன் மூளையைத் தின்கிறவன் என்றேன். செல்லாத்தாள் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போவதாக நினைத்து அதில் பாவாடைகளை முந்தின மாதமே அடுக்கியிருந்தாள்; துண்டுகள் பிழைத்ததை நான் அதுவரை அவளிடம் சொல்லவில்லை. அவர் என்னத்தைத் திருடினாருங்க என்று கேட்டாள். கோபத்தில் வாய் நிற்கவில்லை. மெல்லிசாகத் தண்ணீர் ஓடுவதையும் சக்கரத்தையும் துண்டுகள் பிழைத்ததையும் சொன்னேன். வேலை ஐந்து வருஷம் நீண்டதையும் சொன்னேன்.

அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"ஏனுங்க, அன்னைக்கு எங்கூரப் பத்திக் கேட்டீங்களே, அது இதுக்குத்தானுங்களா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

"நா என்னமோ உங்களுக்கும் ஊரு நெனப்பு வந்துபோட்டுதுன்னு இருந்தேனுங்க."

அவ்வளவுதான். அழவில்லை, வையவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் வைதிருந்தால் நானும் பதிலுக்கு வைது, கணக்கைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். புரொபசரை இப்போதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவரைத் திருடன் என்று சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வருவதில்லை. அவர் என்னிடம் எடுத்தது ஒரு பெயர். நான் எடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாமே என்று கேட்பீர்கள். ஆடி போய் ஆவணியும் போய்விட்டது, நான் இன்னும் விடவில்லை. ஐந்து வருஷம் முடிந்தால் என் பெயரும் அச்சில் வரும் என்று உள்ளே ஒரு நப்பாசை. அந்த நப்பாசை முட்டை நாற்றத்தைவிட மோசமாக நாறுகிறது.

6

போன வாரம் கோபியிலிருந்து தபால் வந்தது. இதுவரை வள்ளிக்காக அக்காதான் எழுதுவாள், அடியில் குழந்தை ஒரு கோடு கிழிக்கும். இந்தத் தடவை ஒன்பது வயது வள்ளியே மை தொட்டு, எழுத்துக் கூட்டி எழுதியிருந்தாள். மழை பெய்தது, எருமை கன்று போட்டது, நான் நன்றாகப் படிக்கிறேன் என்று ஆறு வரி. தொடக்கத்தில், அன்புள்ள சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் என்று இருந்தது.

அந்த வீட்டில் அக்காவின் மூன்று குழந்தைகளுக்கும் செல்லாத்தாள் சின்னம்மா, நான் சித்தப்பா. எங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பெயரைத்தான் வள்ளி கேட்கிறாள். கூட வளரும் குழந்தைகள் அக்காவை அம்மா என்கிறார்கள், இவளும் அம்மா என்கிறாள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பெற்றவர்கள் யார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாமா என்று அக்காவுக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்றேன்.

"அக்காள ஒண்ணும் வைய வேண்டாமுங்க," என்றாள் செல்லாத்தாள். "ஒரு சோறு ஊட்டிவிட்டிருப்பமா, தல சீவிவிட்டிருப்பமா? புள்ள கண்ணுல கண்டதத்தானுங்க எழுதுவா."

அன்று சாயங்காலமே பதில் எழுதி, வழக்கம்போல் உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்தாள். இங்கிலீஷில் விலாசம் எழுதுவது என் வேலை. ஏழு வருஷமாக அவள் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும், உன் அம்மா செல்லாத்தாள் என்று. காலையில் எடுத்துப் பார்த்தேன். மழைக்கு நனையாதே, பாவாடைகளைப் பார்சலில் அனுப்புகிறேன், இறுக்கமாக இருந்தால் அடி மடிப்பைப் பிரித்துவிடும்படி உன் அம்மாவிடம் சொல் என்று எழுதியிருந்தாள். கடைசியில், இப்படிக்கு உன் சின்னம்மா என்று கையெழுத்து.

அவள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தாள். நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உறையை ஒட்டி, விலாசம் எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.